புழுக்கம்

பெயரட்டையில் நடுவே ஒரு 'ர' உதிர்ந்து
மங்கையர்க்காசி ஆகியிருந்தேன்.
பரவாயில்லை,
பாவம் தொலைக்க வந்தவள்போல் கழுத்தில் மாட்டிக்கொண்டேன்.

தில்லி, ஜூன் முதல் வாரம், நாற்பத்தைந்து டிகிரி.
மாணவர்கள் ஊருக்குப் போனால்தான்
எழுத்தாளர்களுக்கு அறை காலியாகும் என்றார்கள்.
வேப்பமர நிழலில் நாய்கள் மட்டும்
மேற்படிப்புக்குத் தங்கியிருந்தன.

நாகப்பட்டினம் மின்வாரியத்தில் ஐந்து நாள் விடுப்பு.
காரணம் என்ற கட்டத்தில்
கவிதை என்று எழுதக் கூசி
சொந்த வேலை என்று போட்டேன்.
பொய்யில்லை.

முதல் நாள் மொழிபெயர்ப்பு அமர்வு.
பதினோரு மொழிகளுக்கு ஒரு நீள மேசை.
என்னை ஆங்கிலமாக்க ஒப்புக்கொண்ட தபன் சலிஹா
நாலாம் வரியில் விரலை வைத்தார்:
புழுக்கம்.
சூடா?
இல்லை.
மூச்சு முட்டலா?
கொஞ்சம்.
கடல் பக்கத்திலேயே இருக்கும், காற்று வராது என்றேன்.
மழை வரப்போகிற மாதிரியே இருக்கும், வராது என்றேன்.
மாமியார் வீட்டில் முதல் வாரம் என்றேன்.
மேசை முழுக்கச் சிரித்தது.
அவரும் சிரித்துக்கொண்டே
ஈரப்பதம் என்று எழுதினார்.

வெளியே லூ வீசியது.
வியர்வையைத் தோலுக்கு வரும் வழியிலேயே
குடித்துவிடுகிற காற்று.
துவைத்துப் போட்ட துப்பட்டா
ஒரு டீ முடிவதற்குள் அப்பளம்.
இங்கே நின்றுகொண்டு எப்படிச் சொல்வது
அந்தச் சொல்லை?

மாலை வாசிப்பில் மூன்றாவது ஆள் நான்.
பாதிக் கவிதையில் கரண்ட் போனது.
அரங்கம் உச்சுக்கொட்டியது.
எனக்கோ பதினெட்டு வருடப் பழக்கம்,
புகார் வரும் முன்பே
மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.
யாரோ செல்போன் வெளிச்சத்தைத் தாளின்மேல் பிடிக்க
மைக் இல்லாமல் கத்தி முடித்தேன்.
கைதட்டினார்கள்.
கவிதைக்கா தொண்டைக்கா, தெரியாது.

இரவு. விடுதி அறை இருபத்தேழு.
ஜன்னலில் தகரப்பெட்டிக் கூலர்.
வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டு
இடுக்கு விடாமல் கதவைச் சாத்திப் படுத்தோம்,
நானும், மால்வணிலிருந்து வந்த சுனந்தா மயேகரும்.
இரண்டு மணிக்கு விழிப்பு.
கழுத்து ஈரம், தலையணை ஈரம்,
போக இடமில்லாமல்
எங்கள் மூச்சே எங்களிடம் திரும்பி வந்தது.
அவள் எழுந்து உட்கார்ந்து
நிகழ்ச்சி நிரலால் விசிறிக்கொண்டு
"உகாடா" என்றாள்.

என்ன சொன்னாய்?
அவளுக்குத் தமிழ் தெரியாது.
என் இந்தி எண்களோடு நிற்கும்.
இருட்டில், கையால் ஒரு பானை வரைந்தாள்.
அடியில் தீ.
விரல்நுனியில் நெல்.
வேகவைத்து, காயவைத்து, குத்தி,
அந்த அரிசி உக்டா.
இந்தக் காற்று உகாடா.

நானும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.
புழுங்கல் அரிசி.
ரேஷன் கடையில் வரிசை நின்று
இத்தனை வருடம் பை பிடித்து வாங்கிய சொல்.
இதன் பக்கத்தில் அதை
ஒரு நாளும் வைத்துப் பார்த்ததில்லை.
உமிக்குள் இருந்தபடியே வேகிறது நெல்.

ஜன்னலைத் திறந்தோம்.
வறட்டுக் காற்று வந்து
எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போனது.

காலையில் மெஸ்ஸில் தபனைப் பிடித்துச் சொன்னேன்.
பராத்தாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.
அவர் ஊரிலும் அந்த அரிசி உண்டாம்.
அழகு, அழகு என்றார்.
பிறகு, தொகுப்பு நேற்றே அச்சுக்குப் போய்விட்டது என்றார்.

முப்பத்தோராம் பக்கத்தில் ஈரப்பதம்.
அதன் தலைக்கு மேலே
பென்சிலால் என்னமோ எழுதிக் கொடுத்தாள் சுனந்தா.
அவளுடைய எழுத்து எனக்குப் படிக்க வராது.
போபால் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை. வெளிப்பாளையத்திலிருந்து முதல் போன்.
"எப்பம்மா கரண்ட் வரும்,
ஒரே புழுக்கமா இருக்கு."
மறுபேச்சுக் கேட்காமல்
புகார் எண் கொடுத்தேன்.